செவலை நெற்றியில் கிடந்த சீனத் தகடு

கொம்புக்கு அடிக்கும் பெயிண்ட்டின் வாசனை காலையிலிருந்தே வீட்டைச் சுற்றி நிற்கிறது. நாளைக்கு மாட்டுப் பொங்கல். பசுவின் ஒரு கொம்புக்கு நீலம் அடித்து முடித்த என் மருமகள், இன்னொன்றுக்கும் அதுவேதானா என்று கேட்டாள். சிவப்பு அடிக்கச் சொன்னேன். அந்த வாசனைதான் என்னை இந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார வைத்தது. மடியில் தகடு இருக்கிறது. கையில் பேனா இருக்கிறது. உனக்கு எழுதுகிறேன்.

நீ என்று எழுதுகிறேன், கவனித்தாயா? வாழ்நாள் முழுவதும் உன்னைச் சின்னய்யா என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டேன். ஏரித் தண்ணீருக்குள் மட்டும்தான் நீ. மதகுக்குப் பக்கத்தில் குதித்து நீந்திய வயதில், தண்ணீருக்குள் இருக்கும் வரை "டேய், நீ தோத்துட்டடா" என்று நான் கத்தலாம். கரையேறித் துண்டை எடுத்தால் நீங்க. அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தலை காய்வதற்குள் தானாக வந்துவிடும். இப்போது எழுதிப் பார்த்தால் 'நீங்கள்' என்பதற்கு நான்கு எழுத்து வேண்டியிருக்கிறது. 'நீ' ஒரே எழுத்து. என் விரல் நடுக்கத்துக்கு ஒன்று போதும். நீ செத்துப்போனதால் எனக்கு இந்தத் தைரியம் வந்தது என்று நினைக்காதே. கோபத்தால் வந்தது.

ஆமாம், எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. நூலகக் கட்டடத்தில் சாயங்காலம் முதியோருக்கு வகுப்பு நடக்கிறது. நூறு நாள் வேலையிலிருந்து வருகிற கிழடுகள் எல்லாம் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் பலகை எடுத்து உட்காருகிறோம். நான் முதலில் படித்தது பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரை. காஞ்சிபுரம். அதைப் படித்த மகிழ்ச்சியில் ஏற மறந்து நின்றேன், பஸ் போய்விட்டது. 'ழ' என் வாயில் வராது, கையில் வருகிறது. ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதி மருமகளிடம் காட்டினேன். "இன்னா மாமா, ஒரே எய்த்த எய்திக்கினு கீற" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் யாருக்குக் கிடைக்கும்? நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம் காட்டத்தான் முதலில் ஓடி வந்திருப்பேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

தகட்டைப் பற்றி உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன். என் கையால் ஒரு தடவை எழுதப்பட வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் மண் வெட்டப் போனவர். கப்பலேற்றிச் சீனத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே ரோடு போட்டார், பள்ளம் வெட்டினார், குளிரில் கால் விரல் ஒன்றை விட்டுவிட்டு வந்தார். வரும்போது கொண்டுவந்தது இந்தத் தகடு. எரிந்துபோன ஒரு வீட்டின் சாம்பலில் கிடந்ததாம். உள்ளங்கை அளவு வெள்ளி, நடுவில் ஒரு சிவப்புக் கல், அதைச் சுற்றி வளைந்து ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு உருவம், மேலே நமக்குப் புரியாத எழுத்து. அன்றிலிருந்து காலனியில் எங்கள் வீட்டுக்குச் 'சீனத்தான் வூடு' என்று பெயர். வேறு சொத்து எங்களுக்கு இல்லை. அந்தப் பெயர் இருந்தது.

அந்த இரண்டு உருவத்தையும் எங்கள் வீட்டில் பாம்பு என்றே நினைத்தார்கள். கோயில் அரச மரத்தடியில் நாகக்கல்லில் பின்னிக்கிடக்கும் இரண்டு பாம்பு போலத்தானே அதுவும் இருக்கிறது? நாகத்தகடு என்று பெயர் வைத்தார்கள். என் தாத்தா அதன் தலைப்பக்கம் ஓர் ஓட்டை போட்டார். மாட்டுப் பொங்கல் அன்று எண்ணெயும் குங்குமமும் பூசி மாட்டின் நெற்றிப்பட்டையில் கட்டினால், அந்த வருஷம் முழுக்க வயலில் மாட்டைப் பாம்பு தீண்டாது என்று நம்பிக்கை. சீன ராஜா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. எங்கள் மாடுகள் அதைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் நடந்தன.

நீ மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்த வருஷம். நானும் என் நைனாவும் எங்கள் காளை செவலையை அலங்கரித்து உங்கள் தெருவுக்கு ஓட்டி வந்தோம். நீ வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றாய். உன் கண் மாட்டின் மேல் படவில்லை, நெற்றியில் போய் நின்றது.

"டேய் கன்னியப்பா, இருடா. இது இன்னாடா?"

"நாகத்தகடு சின்னய்யா."

"நாகமா? நல்லா பாருடா. கால் கீது பார், நகம் கீது பார். பாம்புக்கு ஏதுடா காலு?"

என் நைனா விடவில்லை. "நம்மூரு பாம்புக்கு இல்ல சின்னய்யா. இது சீனத்துப் பாம்பு. அவ்ளோ தூரத்துலேர்ந்து வரணுமே, காலு இல்லாம எப்டி வரும்?"

தெருவே சிரித்தது. எல்லாரையும் விட நீதான் அதிகம் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கிட்டே வந்து, உன் கையாலேயே செவலையின் பட்டையை அவிழ்த்தாய். யாரையும் கிட்டே விடாத மாடு உனக்குத் தலையைக் குனிந்து கொடுத்தது. "பார்த்துட்டுத் தரேன்" என்றாய்.

பார்த்துட்டுத் தரேன். இந்தச் சொல்லை எழுதிப் பார்த்தேன். சின்னதாகத்தான் இருக்கிறது.

அறுவடை முடிந்து நான் கேட்டபோது முகத்தைச் சுளித்தாய். "அத ஏன் கேக்குற? மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட காட்டக் குடுத்தேன். தொலைச்சிட்டாரு. போச்சு, வுடு." அதற்குப் பதிலாக ஒரு ஜோடி வெண்கல மணி கொடுத்தாய். நல்ல மணி. நைனா அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்தில் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த செவலையைப் பாம்பு தீண்டியது. மணி ஒலிக்க ஒலிக்கத்தான் விழுந்தது.

தகட்டைக் கண்டு பாம்பு ஓடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் என் நைனா நம்பினார். "தகடு இருந்திருந்தா அது கிட்ட வந்திருக்குமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. செவலையைப் புதைக்க உன் தோப்பில் இடம் கேட்டு வந்தேன். உடனே கொடுத்தாய். குழியின் மேல் வைக்கச் சொல்லி ஒரு தென்னங்கன்றும் கொடுத்தாய். இப்படி ஒரு மனுஷனா என்று உருகிப்போய்க் கும்பிட்டேன். அப்போது தகடு எங்கே இருந்தது? உன் வீட்டு பீரோவில். நான் கும்பிட்டுக்கொண்டு நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்.

அதற்குப் பிறகு உனக்குச் சீனப் பைத்தியம் பிடித்தது. பழைய சீனப் பதக்கங்கள் கேட்டு எங்கெங்கோ எழுதிப் போட்டாய். கல்கத்தாவிலிருந்து வந்தது, லண்டனிலிருந்து வந்தது. போஸ்ட் ஆபீஸிலிருந்து பார்சலைச் சைக்கிளில் வாங்கி வருவது என் வேலை. கண்ணாடி அலமாரி செய்தாய். உள்ளே கறுப்பு வெல்வெட் துணி. அதில் வரிசையாக அதே மாதிரி இரட்டை உருவம் போட்ட பதக்கங்கள், நட்சத்திரங்கள், அதிகாரிகள் தொப்பியின் உச்சியில் வைக்கிற குமிழ்கள். உன் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. செத்த ராஜாவின் சட்டைப் பித்தானை வீட்டில் வைத்திருக்கிறாரே என்று உன் மனைவி புலம்புவார்கள். ஆகவே புதிதாக ஒன்று வந்தால் எனக்கு ஆள் அனுப்புவாய். நான் பின்பக்கமாக வருவேன். நீ நாற்காலியில், நான் தரையில்.

"பாருடா. நடுவுல பவளம் இருந்தா பெரிய எடம். நீலக்கல்லுன்னா அதுக்குக் கீழ. வெள்ளைக்கல்லு இன்னும் கீழ. தொப்பியில இருக்கற கல்லைப் பார்த்தே யாரு எங்க உக்காரணும்னு தெரிஞ்சிடும்."

"அங்கியும் அப்டித்தானா?" என்றேன் தரையிலிருந்து.

நீ கையிலிருந்த பதக்கத்தைக் கீழே வைத்தாய். பிறகு, "இன்னாடா, கிண்டலா?" என்றாய். நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாய்.

இன்னொரு நாள் ஒரு பதக்கத்தின் எழுத்தை விரலால் காட்டி, "ராஜா வெளிநாட்டுக்காரனுக்குக் குடுத்ததுன்னு போட்டிருக்கு" என்றாய். உங்களுக்குச் சீனம் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "புஸ்தகத்துல போட்டிருந்துச்சுடா" என்றாய். "அப்ப இந்த எய்த்துக்கு முன்னால நீங்களும் என்ன மாதிரிதான்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு எனக்கு ஏரி ஞாபகம் வந்தது.

ஓர் ஆயுத பூஜைக்கு உன் வீட்டு வேலைக்காரம்மா பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்து இரண்டு பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பொன் முலாம் போய்ப் பல்லிளித்தது. நீ போட்ட சத்தத்தில் பூஜையே நின்றுபோனது. அன்றிலிருந்து அலமாரிச் சாவி என் கையில். "உன்ன வுட்டா யாரையும் நம்ப மாட்டேன்டா. ஓரத்த புடி. வாயால ஊதாத, எச்சில் படும். தண்ணி கூடாது. மெத்துத் துணி மட்டும்." என் தோல் காய்த்த விரலால் பூவைத் துடைப்பது போலத் துடைத்தேன். பெருமையாக இருந்தது எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு பெருமை.

அலமாரியின் நடுவில் சிவப்புக் கல் வைத்த பதக்கம் ஒன்று. நீல நாடா கோத்துத் தனியாக நிற்கும். பளபளவென்று இருக்கும். அதன் தலைப்பக்கம் மட்டும் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வட்டம் வேறு நிறமாகத் தெரியும். கறை என்று நினைத்து அழுத்தித் துடைத்தேன். "அங்க தேய்க்காத!" என்று நீ பாய்ந்து வந்தாய். அப்படி நீ என்னிடம் கத்தியதே இல்லை. "அது பழைய காயம்டா. இருக்கட்டும்" என்று பிறகு குரலைத் தாழ்த்தினாய். சரி என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் காயத்தைச் சுற்றித் துடைத்தேன். உனக்கு நோகக்கூடாது என்று.

இதற்கிடையில் ஊர் உன் வீட்டைச் 'சீன பங்களா' என்று கூப்பிட ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் பெயர் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. என் மகனிடம் சீனத்தான் வூடு எது என்று யாராவது கேட்டால் உங்கள் தெருவைத்தான் காட்டுவான். என் நைனா சாகிற வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டார். "சின்னய்யாவ கேட்டியா? கெடைச்சுதாமா?" கிடைக்கவில்லை நைனா என்று நான்தான் சொன்னேன். உன் பொய்யை என் வாயால் சொல்ல வைத்தாய்.

ஐப்பசியில் நீ போனாய். நான் உன் தெரு முனையில் நின்று அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக. அந்த அழுகையை உன்னிடமிருந்து திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

காரியம் முடிந்து உன் மகள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்ன வயதில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், இப்போது பெரியவரே என்றாள், நாற்காலியும் போட்டாள். பதக்கங்களை மொத்தமாக யாரோ கேட்கிறார்களாம், பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைக்க என் கை வேண்டுமாம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நடுவில் இருந்ததை அவளே எடுத்தாள்.

"இதான் அப்பாவோட மொத மெடல், தெரியுமா பெரியவரே? ஒரு மாட்டு நெத்தியிலேர்ந்து எடுத்தாராம்! அதுல எவனோ ஓட்டை வேற போட்டு வெச்சிருந்தானாம். அப்பா காஞ்சிபுரத்துல ஒரு ஆசாரிகிட்ட குடுத்து அடைச்சாராம். அந்தக் கதைய சொன்னாலே அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்காது."

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அது நீ சொன்ன வேடிக்கைக் கதை.

"கொஞ்சம் குடும்மா" என்று வாங்கினேன். நாடாவைத் தள்ளிவிட்டு, ஓரத்தைப் பிடிக்காமல், முதல் தடவையாக வெறும் கட்டை விரலைத் தலைப்பக்கம் வைத்து அழுத்தினேன். எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்துக் கிடந்த எங்கள் தகடா இந்தப் பளபளப்பு? அந்த வட்டம். பழைய காயம். அது என் தாத்தா போட்ட ஓட்டை.

"அது எங்க செவலை நெத்திம்மா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அப்பா உங்ககிட்ட கேட்டுத்தானே வாங்கியிருப்பாரு?"

"பார்த்துட்டுத் தரேன்னாரு. அப்பால தொலைஞ்சிபூட்சின்னாரு."

"இதையா? இது எப்பவும் இங்கியேதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா. நான்தான் தொடச்சிக்கினு இருந்தேன்."

அவள் தகட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இருங்க" என்று உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. உள்ளே போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. அவ்வளவுதான், இன்னொரு தடவை போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நைனா உன்னிடம் நேரில் கேட்காததையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. அவள் வந்தபோது கண் சிவந்திருந்தது. ஒரு கையில் தகடு, ஒரு கையில் அதன் வெல்வெட் பெட்டி.

"எடுத்துக்கங்க. புளி போட்டுத் தேய்க்காதீங்க பெரியவரே. ஓட்டை கீட்டை போட்டுடாதீங்க. ரொம்ப அரிய பொருள்."

உன் மகள்தான் அவள். தகட்டை எடுத்துக்கொண்டேன். பெட்டியை உன் நாற்காலியின் மேல் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வந்தேன்.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "உன் கொள்ளுத்தாத்தா மட்டும் இன்னா, கேட்டா எடுத்தாரு? அதுவும் சாம்பல்ல பொறுக்கினதுதானேடா?" நானும் அதை யோசித்தேன். எரிந்த வீடு யாருடையதோ, அதைச் சட்டையில் குத்தியிருந்தவன் என்ன ஆனானோ. அவன் வீட்டார் யாராவது வந்து கேட்டால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நீ அவர்களுக்காகவா வைத்திருந்தாய்? என் கொள்ளுத்தாத்தாவுக்குக் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. உனக்கு நான் இருந்தேன். தரையில், உன் காலுக்குப் பக்கத்தில், எத்தனையோ வருஷம் இருந்தேன். ஒரு நாள், சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த அன்றைக்காவது, "டேய், இதான்டா அது" என்று சொல்லியிருந்தால் நானே அதை உன் அலமாரியில் திருப்பி வைத்திருப்பேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், சின்னய்யா. பார், கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

போன வாரம் தகட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருசு, இது வெள்ளி மாதிரி கீது. ஓட்டை போட்டா வீணாப்பூடும்."

"இது புது ஓட்டை இல்லப்பா. உள்ள கீற ஓட்டைய வெளிய எடுக்கணும், அவ்ளோதான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மெல்லிய ஆணியை அந்த வட்டத்தில் வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். உன் ஆசாரி அடைத்த வெள்ளித் துண்டு டப்பென்று கழன்று மேஜையில் விழுந்து உருண்டது. ஓட்டை வழியாகத் தெரு தெரிந்தது. ஒரு பஸ் போனது. அதன் பலகையை ஓட்டைக்குள்ளாகவே படித்தேன்.

இன்று மருமகள் கொம்புக்கு அடித்தது போக மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்ட்டை வாங்கி, வீட்டு முன்சுவரில் நானே எழுதினேன். 'சீனத்தான் வீடு.' 'சீ' கொஞ்சம் பெரிதாகிவிட்டது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஜன்னல் மேல் ஏறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்னா தாத்தா, நூடுல்ஸ் கடை வெச்சிகீறியா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பெயிண்ட் வேட்டியெல்லாம் ஆகிவிட்டது. எங்களிடம் இப்போது காளை இல்லை. டிராக்டர்தான் உழுகிறது. நாளைக்குப் பசுவின் நெற்றியில் கட்டுவேன். எண்ணெய் பூசுவேன், குங்குமம் வைப்பேன். கறுக்கட்டும்.

அந்த வெள்ளித் துண்டு மட்டும் மிச்சம். தகடு எங்களுடையது, துண்டு உன்னுடையது. உன் பொருள் எனக்கு வேண்டாம் என்று ஏரிக்குப் போனேன். மதகுக்குப் பக்கத்தில், நாம் குதிக்கிற இடத்தில், தண்ணீர் நிறைந்து நிற்கிறது. எறிவதற்குக் கையை ஓங்கினேன். "நீ தோத்துட்டடா" என்று சத்தமாகச் சொன்னேன். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எறியவில்லை. சட்டைப் பையில், பேனா வைக்கிற இடத்தில் கிடக்கிறது. பேனாவைச் செருகிக் குனியும்போதெல்லாம் அதில் பட்டுச் சத்தம் போடுகிறது.